செஞ்சி மொட்டை மாடியில் போட்ட கச்சேரித் திட்டம்

1

எங்கள் வாத்தியக் குழு அடுத்த சீசனைத் திட்டமிடப் போன புதன்கிழமை கூடியது. குழு இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், ஆற்றோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில். பதினெட்டு வருஷமாக நான் குடியிருக்கும் ஊர். கூட்டம் முடிந்து காரை எடுக்கும்போது, போன வருஷத்துச் சீசனை எங்கே உட்கார்ந்து போட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். செஞ்சியில், என் தம்பி முருகன் வீட்டு மொட்டை மாடியில், மிளகாய் காய்ந்துகொண்டிருந்த பழைய புடவைக்குப் பக்கத்தில். அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஊரில் இருக்கிற உங்களில் பலர் அப்போது என்னைப் பார்த்திருப்பீர்கள். இவள் ஏன் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டும் இருப்பீர்கள்.

அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அதற்காக மூன்று வாரம் என்று வந்தேன். வந்த கையோடு விசாவையும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று சென்னைக்குப் போனேன். அமெரிக்கத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, தகவல் வரும் என்றாள். எப்போது வரும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். அந்த மூன்று வாரம் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

கணவர் சேகரும் மகள் நிலாவும் அங்கே. நான் வேலை செய்யும் மருத்துவமனை ஆய்வகத்தில் விடுப்பை நீட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்த அன்போடு. செஞ்சியில் நான் வளர்ந்த தெருவிலேயே ஒரு கடைக்காரர், "ஊருக்குப் புதுசாமா? கோட்டை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். சோடா வாங்கும்போது நான் 'ப்ளீஸ்' சொல்லிவிட்டேன். அதுதான் காட்டிக்கொடுத்தது. அங்கே போனால் இதற்கு நேர்மாறு. ஒரு கூட்டத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 'ப்ரீபோன்' என்று எழுதி அனுப்ப, அது எந்தப் போனின் பெயர் என்று கேட்டார்கள்.

இப்படி இரண்டு பக்கமும் ஒட்டாமல் இருந்த ஒரு நாளில்தான் கென் கூப்பிட்டார்.

2

கென் எங்கள் வாத்தியக் குழுவின் புதிய தலைவர். ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர், நல்ல மனிதர். அவர் சொன்னது இதுதான்: "மலர், நீ எப்போது வருவாய் என்று தெரியவில்லை. கச்சேரிகளுக்கு நீ போட்டிருக்கும் திட்டத்தை இந்த வருஷம் தள்ளிவைப்போம். எல்லாருக்கும் தெரிந்த சினிமா இசையை வைத்து நாலு கச்சேரி செய்துவிடலாம். போன வருஷம் பாதி நாற்காலி காலி. இன்னொரு வருஷம் அப்படிப் போனால் குழுவையே மூடவேண்டியதுதான்."

சனிக்கிழமை கூட்டம் வரைக்கும் பொறுங்கள் என்றேன். ஆன்லைனில் வந்து என் திட்டத்தை நானே சொல்கிறேன், அப்புறம் முடிவெடுங்கள் என்றேன்.

முருகன் பக்கத்தில் இருந்தான். "இன்னாக்கா, யாரு?" என்றான். எங்கள் ஆர்கெஸ்ட்ரா தலைவர் என்றேன்.

"ஆர்கெஸ்ட்ராவா? நம்ம தீமிதிக்குப் போடுவாங்களே அதுவா? டான்ஸ் உண்டா?"

"டான்ஸ் இல்லடா. வயலின், குழல், பெரிய பெரிய வாத்தியம், ஐம்பது அறுபது பேர் ஒண்ணா உக்காந்து வாசிப்போம். முன்னாடி கண்டக்டர் நிப்பாங்க."

"கண்டக்டரா?" என்று சிரித்தான். "டிக்கெட் யாரு குடுக்கறது?"

நான் இதில் சேர்ந்ததே ஒரு விபத்து. நிலா சின்னவளாக இருந்தபோது அவளுக்கு வயலின் வாடகைக்கு எடுத்தோம். அவளை வகுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் காத்திருந்த என்னை, ஆசிரியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, கொஞ்சம் கனத்த குரலுள்ள வயோலா என்ற வாத்தியத்தைக் கையில் கொடுத்தார். வயோலா வாசிக்க எந்த ஊரிலும் ஆள் கிடைக்காது. மெட்டு வயலினுக்குப் போய்விடும், அடித்தளம் பெரிய வாத்தியங்களுக்குப் போய்விடும். நடுவில் யார் காதிலும் தனியாக விழாமல் வாசிக்கவேண்டியது வயோலா. அதனால்தான் சுமாராக வாசிக்கும் என்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒருவர், பூக்கடை வைத்திருக்கிற ஒருவர், நான், மூன்று பேரும் ஒரு வரிசை. யாருக்கும் சம்பளம் கிடையாது; வேலைகளைப் பகிர்ந்துகொள்வோம், எந்தக் கச்சேரியில் எதை வாசிப்பது என்று திட்டம் போடும் வேலை அந்த வருஷம் என்னிடம். புதன்கிழமை சாயங்காலம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை. வேலை முடிந்து, ஆய்வக வாசனையோடு நேராக அங்கே போய்விடுவேன். அந்த இரண்டு மணி நேரம் எந்த மொழியிலும் நான் தவறாகப் பேச வாய்ப்பில்லை.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

3

என் திட்டத்தைச் சொல்கிறேன். பெயர்களை எழுதி உங்கள் நாக்கைச் சுளுக்கவைக்கப் போவதில்லை.

நூறு வருஷத்துக்கும் முன்னால் பொஹீமியாவில், இப்போதைய செக் நாட்டில், கசாப்புக் கடைக்காரர் மகனாகப் பிறந்த ஒரு பெரிய இசையமைப்பாளரை நியூயார்க்கில் ஒரு இசைப் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். அவருக்கு ஊர் ஞாபகம் தாங்கவில்லை. கோடை விடுமுறைக்கு, தன் மொழி பேசும் சனங்கள் குடியேறியிருந்த ஒரு சோளக்காட்டுக் கிராமத்தைத் தேடிப் போய்த் தங்கினார். அங்கே உட்கார்ந்து எழுதினார். அவர் அமெரிக்கர்களுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: இசையைத் தேடி எங்கள் ஐரோப்பாவைப் பார்க்காதீர்கள், உங்கள் நாட்டுக் கறுப்பு மக்கள் பாடுவதைக் கேளுங்கள். அப்போது அதைப் பலர் ரசிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் ஒரு தலைமுறை கழித்து, அந்தக் கறுப்பு மக்களில் ஒரு பெண் முழு சிம்பொனி எழுதினார். அமெரிக்காவின் தெற்கில் நடந்த நிறவெறிக் கொலைகளுக்குத் தப்பி, குழந்தைகளோடு வடக்கே பெரிய நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர். பெரிய வாத்தியக் குழு ஒன்று அதை ஒருமுறை வாசித்தது. பிறகு நெடுங்காலம் அவரை மறந்துவிட்டார்கள்.

இந்த இருவரையும் ஒரே கச்சேரியில் வைப்பது என் முதல் திட்டம். போருக்குப் பயந்து ஹங்கேரியிலிருந்து வந்து நியூயார்க்கிலேயே இறந்துபோனவரையும், அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகளை எடுத்து எழுதிய ஒருவரையும் சேர்ப்பது இன்னொன்று. பாரிசுக்குப் போய்ப் படித்துத் திரும்பிய அமெரிக்கர், அவர் அங்கே கேட்ட பிரெஞ்சு இசை, இது மற்றொன்று. கடல் தாண்டினவர்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தேன். ஆனால் என் மனசு முழுக்க அந்த முதல் கச்சேரியில்தான். அதற்குக் காரணம் என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிட்டவர்.

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் குடும்பம் பறை அடிக்கிற குடும்பம். கிராமத்தின் பெயர் வேண்டாம், அங்கே இன்றும் எங்கள் சொந்தங்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரர் வீட்டில் சாவு என்றால் ஆள் வரும். உடனே போகவேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் போகவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், நைனா வரமாட்டேன் என்றார். நான் கூலி வேலை செய்கிறேன், கல் உடைக்கிறேன், இதை மட்டும் இனிமேல் செய்யமாட்டேன் என்றார். அதற்கப்புறம் எங்களுக்கு அங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை. கடையில் உப்பு கொடுக்கவில்லை. அம்மா, நைனா, நான், கைக்குழந்தை முருகன், நாலு பேரும் பாத்திரங்களோடு செஞ்சிக்கு வந்தோம். நைனா நெல் ஏலம் போடும் கமிட்டியில் மூட்டை தூக்கினார். எங்களைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் தட்டில் விரலால் தாளம் போட்டால்கூட அவருக்கு ஆகாது. "நிறுத்து" என்பார். அந்த ஒரு சொல்தான், திட்டமாட்டார்.

அவர் மகள் நான், கடல் தாண்டிப் போய், யாரும் கூப்பிடாமலே, காசும் வாங்காமல் வாத்தியம் வாசிக்கிறேன். இதை அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

4

சனிக்கிழமைக்குள் நான் செய்த முதல் காரியம், லொரெய்னைக் கூப்பிட்டது. லொரெய்ன் எங்கள் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கறுப்பினப் பெண். அவருடைய தேவாலயத்துப் பாடகர் குழுவை அவர்தான் நடத்துகிறார். அந்தச் சபையிலிருந்து யாரும் எங்கள் கச்சேரிக்கு வந்ததே இல்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை.

திட்டத்தைச் சொன்னேன். "இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன்? அதுவும் நீ ஏன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த நாட்டில் யாரிடமும் சொல்லாததை அன்று அவரிடம் சொன்னேன். நைனாவை, அந்தச் சாவு வீட்டை, உப்பு கொடுக்காத கடையை. லொரெய்னின் மூதாதையர் அடிமைகளாக இருந்தபோது, மேளச் சத்தத்தில் சேதி சொல்லி ஒன்றுகூடிவிடுவார்கள் என்று பயந்து எஜமானர்கள் மேளத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடிக்கக் கூடாது என்றார்கள். எங்களிடமோ, அடிக்காமல் இருக்கக் கூடாது என்றார்கள். இதையும் அவரிடம் சொன்னேன்.

லொரெய்ன் தொண்டையைச் செருமினார். "முதல் மூன்று வரிசை எங்களுக்கு வேண்டும்," என்றார். "பின்னால் உட்காரமாட்டோம்."

சனிக்கிழமை சாயங்காலம், அங்கே காலை நேரம், கூட்டம் தொடங்க இருந்த சமயத்தில் மின்சாரம் போய்விட்டது. "யக்கா, கரண்ட் பூடுச்சி. என் செல்லுல நெட் போட்டுக்கோ. மாடியிலதான் டவர் எடுக்குது," என்று முருகன் தன் போனைக் கொடுத்தான். மாடிக்கு ஓடினேன். அம்மா ஒரு பக்கம் காய்ந்த மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார். கோட்டை மலை ராஜகிரிக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன்.

கென் நேராக விஷயத்துக்கு வந்தார். "மக்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கேட்கத்தான் வீட்டைவிட்டு வருவார்கள்."

"தெரிந்ததை அவர்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்கிறார்கள் கென். அதனால்தான் பாதி நாற்காலி காலி."

"அந்தச் சிம்பொனியை எழுதிய அம்மாள் யார் என்றே யாருக்கும் தெரியாது."

"முதல் மூன்று வரிசைக்கு வரப்போகிறவர்களுக்குத் தெரியும்," என்று லொரெய்ன் சொன்னதைச் சொன்னேன். போனின் அந்தப் பக்கம் சலசலப்பு. எங்கள் நடத்துநர் ரூத், அதிகம் பேசாதவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "மலர், அந்தச் சிம்பொனியில் உனக்கு எது பிடிக்கும்?"

மூன்றாம் பகுதி என்றேன். மேளத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அந்த மக்கள் தங்கள் தொடையிலும் மார்பிலும் தட்டி ஒரு ஆட்டம் ஆடினார்கள், அந்த ஆட்டத்தின் தாளம் அதில் இருக்கிறது என்றேன். ரூத்துக்கு அது தெரியும். மற்றவர்களுக்குப் புரியவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. இங்கிலீஷில் தாளத்தை எப்படி விளக்குவது? மெட்டை வாயால் பாடிக்கொண்டே, இரண்டு கையாலும் காலித் தண்ணீர்த் தொட்டியின் மேல் அடித்துக் காட்டினேன். தொட்டி பெரிதாக முழங்கியது. நான் நினைத்ததைவிட நன்றாகவே அடித்தேன். அதை எங்கே கற்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

பூக்கடைக்காரர் போனிலேயே கைதட்டினார். கென் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: "அக்டோபருக்குள் நீ வந்துவிடுவாயா?"

"தெரியாது."

"இல்லாத ஆளை நம்பி எப்படி ஒரு சீசனை எடுப்பது?"

அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷம் வரி கட்டின ஊரில் நான் இல்லாத ஆள். "நான் வராவிட்டால் வயோலாவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அவ்வளவுதான். மற்ற வேலை எல்லாவற்றையும் இங்கிருந்தே செய்வேன். வாசிக்க வேண்டிய நோட்ஸ் தாள்களை அச்செடுப்பேன், குறி போட்டு அனுப்புவேன், ஒவ்வொருவரையும் கூப்பிடுவேன். செய்யாவிட்டால் அப்போது ரத்து செய்யுங்கள்."

நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் டிசம்பர் கச்சேரி கென் விரும்பியபடி சினிமா இசையும் கிறிஸ்துமஸ் பாட்டும் என்று ஆனது. மற்ற மூன்றும் என் திட்டப்படி. கை தூக்கியவர்களில் கென்னும் இருந்தார்.

போனை அணைத்துவிட்டுத் திரும்பினால், மிளகாய் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தார்.

5

"இன்னாடி பண்ற?" என்றார்.

"மீட்டிங்கும்மா. ஒரு கச்சேரிக்கு."

"கச்சேரியா? இன்னா கேஸு?" அம்மாவுக்குக் கச்சேரி என்றால் தாலுகா ஆபீஸ், போலீஸ், வாய்தா.

"அது இல்லம்மா. வாத்தியக் கச்சேரி."

"நீ அடிச்சியே இப்ப."

முருகன் மேலே வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். "அக்கா அங்க வயலின் மாரி ஒண்ணு வாசிக்குதும்மா. பெரிய செட்டு. அதுல இன்னா தப்பு? இப்ப காலேஜ் பசங்கல்லாம் பறை கத்துக்குறானுங்க, மேடையில ஏறி அடிக்கிறானுங்க."

"கத்துக்கட்டும்," என்றார் அம்மா. "அவனுங்கள யாரும் பொணத்துக்குக் கூப்புடல." பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கண்ணில் இன்னும் சிவப்பு ஆறவில்லை. "உங்க நைனா மூட்ட தூக்கித் தூக்கி முதுகு போயி செத்தாரு. எதுக்கு? எம்மவ கைல குச்சி எடுக்கக் கூடாதுன்னு. நீ அம்மாந் தூரம் போயி அதயே எடுத்துனியா?"

"ஆமாம்மா. எடுத்தேன்."

பொய் சொல்லவோ, மன்னிப்புக் கேட்கவோ தோன்றவில்லை. தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கீழே தெருவில் யாரோ மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

"யாரு கூப்டு வாசிக்கிற?"

"யாரும் கூப்பிடல. நாங்களா வாசிக்கிறோம்."

"காசு?"

"இல்ல."

"காசு கூடவா இல்ல?" இது அம்மாவுக்கு எல்லாவற்றையும்விட மோசமாகப் பட்டது. "போகாம இருந்தா?"

"இருந்தா ஒண்ணுமில்ல."

"இன்னைக்கு வரலன்னு சொல்லலாமா? ஒரேடியா வேணாம்னு சொல்லிட்டா வூட்டாண்ட வந்து நிக்கமாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா. வேற ஆளப் பாத்துக்குவாங்க."

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்ப சரி." எழுந்து முறத்தை எடுத்தார். "வா, சாப்டு. நேரமாவுது."

அவ்வளவுதான் நடந்தது. நைனாவே சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

6

அடுத்த வாரம் நிலா கூப்பிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. எங்கள் குழுவில் இரண்டாவது வயலின் வரிசையில் அவளும் வாசித்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தமிழ் வருவது கோபத்தில் மட்டும்.

"அம்மா, நான் ஆர்கெஸ்ட்ராவ விட்டுட்டேன்."

"என்ன சொல்றே? நான் இங்கே இதுக்காக ராத்திரி பகலா பாடுபடுறேன்..."

"அதான். இது உன்னோடது. நோட் மைன். சின்ன வயசுலேருந்து வாசிக்கிறேன், ஒரு தடவையாவது எனக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டியா?"

கோபத்தில் நன்றாகவே தமிழ் பேசினாள். நானும் கத்தினேன். இத்தனை வருஷ வகுப்பு, இத்தனை பனியில் காரோட்டியது எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. காந்தி பஜாரில் ஒரு கடையில் நோட்ஸ் அச்செடுக்க உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் தாள்களை அடுக்கிக்கொண்டே, "இன்னாக்கா இது, கோலமா? புள்ளியும் கோடுமா இருக்குது," என்றார். பாட்டு என்றேன். "இதப் பாத்தே பாடிடுவாங்களா?" என்று ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாவது வயலின் தாள்.

மாதக்கணக்கில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் காத்துக்கிடக்கிற எனக்கு, ஒருவர் நம் சார்பில் முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்று தெரியாதா? அம்மா கேட்ட கேள்வியை நான் நிலாவிடம் கேட்டதில்லை. வேணாம்னா வேணாம்னு சொல்லலாமா? சொல்லலாம் என்று நான் அம்மாவுக்குச் சொன்ன பதில் உண்மையாக இருக்கவேண்டுமானால், அது என் வீட்டிலும் உண்மையாக இருக்கவேண்டும்.

மறுநாள் கூப்பிட்டேன். "விட்டுடு," என்றேன். "வயலினைத் திருப்பிக் கொடுத்துடலாம்."

அந்தப் பக்கம் நம்பிக்கை வரவில்லை. "நெஜமாவா? கோபம் இல்லையா?"

"வருத்தம் இருக்கு. கோபம் இல்லை."

"ஓகே," என்றாள். பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், "சாப்டியா?" என்று கேட்டாள். செஞ்சிக்காரி மாதிரியே கேட்டாள்.

அவள் மனம் மாறித் திரும்பி வந்தாள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வரவில்லை. முதல் கச்சேரி நடந்த நாளில் அவள் ஒரு தோழி வீட்டில் இருந்தாள். இப்போது கூடைப்பந்து ஆடுகிறாள். ஆட்டத்துக்கு நான் போகிறேன். விதிகள் எனக்கு இன்னும் புரியவில்லை.

7

கடவுச்சீட்டு நவம்பரில் வந்தது. பிப்ரவரியிலும் மே மாதத்திலும் நான் என் வரிசையில் உட்கார்ந்து வாசித்தேன். ஆனால் அக்டோபர் கச்சேரிக்கு நான் இல்லை. ஆகஸ்டும் செப்டம்பரும் தினமும் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து போன் செய்தேன். வயோலாக்காரர்களின் தாள்களில் வில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று குறி போட்டு அனுப்பினேன். ட்ரம்பெட் வாசிப்பவருக்கு உடம்பு சரியில்லை என்றதும் பக்கத்து ஊரில் ஆள் தேடிக் கொடுத்தேன். மழைக்காலம் தொடங்கியதும் தொட்டி ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

கச்சேரி முடிந்த மறுநாள் ரூத் ஒலிப்பதிவை அனுப்பினார். கூடவே ஒரு படம். லொரெய்ன் சொன்னதைச் செய்துவிட்டார். முதல் மூன்று வரிசையும் நிறைந்திருந்தது, எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை உடையில், பெண்கள் பலர் தொப்பியோடு. அவர்களுக்குப் பின்னாலும் காலி இல்லை. கடைசி வரிசைக்கும் பின்னால் கென் நின்றுகொண்டிருந்தார், உட்கார இடம் கிடைக்காமல். அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேனோ. வயோலா வரிசையில் ஒரு நாற்காலியை எடுக்காமல் காலியாகவே போட்டு வைத்திருந்தார்கள்.

அம்மா கூடத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். வெளியே தூறல். ஹெட்போனை மாட்டப் போனவளிடம், "காதுல ஏன் சொருவிக்கிற? போடு, நானும் கேக்கறேன்," என்றார். முதல்முறையாகக் கேட்டார்.

பொஹீமியாக்காரரின் இசை ஓடியது. அம்மா கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "டிவியில துக்கத்துக்குப் போடுற மாரி இருக்குது," என்றார். சிம்பொனி தொடங்கியது. முதல் பகுதி, இரண்டாம் பகுதி. பாதிக் கீரை முடிந்துவிட்டது. மூன்றாம் பகுதியில் மேளம் வந்ததும் அம்மாவின் கை நின்றது.

"மோளம் வருது."

"ஆமாம்மா."

தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். கேட்கிறவிதம் எனக்குப் புதிதாக இருந்தது. நல்லதா கெட்டதா என்று தெரிந்தவர் கேட்கிற மாதிரி. நைனாவோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர்.

"யாரு அடிக்கிறது? அதுக்குன்னு அங்க தனியா ஆளுங்க இருக்கறாங்களா?"

"இல்லம்மா. இவரு எங்க ஊரு பல் டாக்டர்."

"யாரு?"

"பல் டாக்டர். பகல்ல பல்லு புடுங்குவாரு. புதன்கிழமை சாயங்காலம் வந்து மேளம் அடிப்பாரு."

"டாக்டரா?"

"டாக்டர்தான்."

"டாக்டருக்குப் படிச்சிட்டு வந்து மோளம் அடிக்கிறாரா? காசு இல்லாம?"

"அவரு பொண்டாட்டி வேற காபி போட்டுக் கொண்டாந்து எல்லாருக்கும் குடுப்பாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அடக்க முடியாமல், மடியிலிருந்த கீரை சிதற, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மருந்து போட்ட கண், சிரிக்காதே என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார். "டேய் முருகா, இங்க வாடா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "அங்க டாக்டருங்கல்லாம் மோளம் அடிக்கிறானுங்களாம்டா! உங்க நைனாகிட்ட யாருனா போயி சொல்லுங்கடா!"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் மூன்றாம் பகுதி முடிந்து நான்காவது ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த எடத்த இன்னொரு தபா போடு," என்றார். "டாக்டரு அடிக்கிற எடம்."